பிறந்த ஆண்டு ஒன்று, வயது இரண்டு

பிறந்த ஆண்டு மட்டும் தெரிந்தால் ஒருவரின் வயதைத் துல்லியமாகச் சொல்ல முடியாது. இரண்டு எண்களில் ஏதோ ஒன்று என்றுதான் சொல்லலாம். 1987இல் பிறந்தவருக்கு 2026இல் வயது 39 அல்லது 38. இந்த ஆண்டின் பிறந்தநாள் வந்துபோயிருந்தால் 39. இன்னும் வரவில்லை என்றால் 38. நடப்பு ஆண்டிலிருந்து பிறந்த ஆண்டைக் கழிக்க வேண்டும்; பிறந்தநாள் வரவில்லை என்றால் ஒன்றைக் குறைக்க வேண்டும். அடிப்படைக் கணக்கு இவ்வளவுதான்.

பிறகு ஏன் நீலகிரி மலையில் குன்னூரிலும் கூடலூரிலும் இ-சேவை மையத்து வாசலில் வயதை வைத்து இத்தனை தகராறு? கழித்தல் தெரியாததால் இல்லை. எந்தத் தேதியில் வயதைக் கேட்கிறார்கள் என்று பார்க்காததும், கையில் இருக்கும் பிறந்த தேதி எங்கிருந்து வந்தது என்று யோசிக்காததும்தான் பெரும்பாலும் காரணம்.

எந்தத் தேதியில் வயது?

வயது கேட்கும் எந்த விண்ணப்பத்திலும் ஒரு கணக்குத் தேதி ஒளிந்திருக்கும். விண்ணப்பத்தை நிரப்பும் நாள் வேறு, கணக்குத் தேதி வேறு. தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் சேர ஜூலை 31 அன்று 5 வயது நிறைந்திருக்க வேண்டும். 2026 ஜூனில் பள்ளிக்கு அழைத்துப் போகும் குழந்தை 31-7-2021 அன்றோ அதற்கு முன்போ பிறந்திருந்தால் சரி. சேர்க்கை நாளன்று 4 வயது 11 மாதம்தான் ஆகிறது என்று திரும்பி வரவேண்டியதில்லை. ஆகஸ்ட் 1 அன்று பிறந்த குழந்தைக்குத்தான் சிக்கல். ஒரே நாள் தள்ளிப் பிறந்ததில் ஓராண்டு போய்விடுகிறது.

அரசுப் பணித் தேர்வுகளில் பெரும்பாலும் அந்த ஆண்டின் ஜூலை 1 கணக்குத் தேதி. அங்கே தேதியோடு வாசகத்தையும் நிறுத்திப் படிக்க வேண்டும். “32 வயது நிறைவடைந்திருக்கக் கூடாது” என்றால் ஜூலை 1 அன்று 31 வயதும் சில மாதங்களும் ஆனவர் எழுதலாம். 32ஐத் தொட்டுவிட்டவர் எழுத முடியாது. “32 வயது வரை” என்று எங்காவது போட்டிருந்தால் அது வேறு பொருள் தரக்கூடும். விளக்கக் குறிப்பைப் படிக்காமல் பணம் கட்டக் கூடாது.

வாக்காளர் பட்டியலுக்கு முன்பெல்லாம் ஜனவரி 1 மட்டும்தான் தகுதி நாள். 2022 முதல் ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு. 2008 ஜனவரி 2 அன்று பிறந்தவர் பழைய முறைப்படி 2027 ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். இப்போது 2026 ஏப்ரலே போதும். 17 வயது முடிந்ததும், பெயர் சேர்க்கும் படிவம் 6ஐ முன்கூட்டியே கொடுத்துவைக்கலாம்.

ஒரு வயது எந்த நொடியில் நிறைகிறது என்பதற்கும் சட்டம் உண்டு. 1875ஆம் ஆண்டின் இந்திய வயது வந்தோர் சட்டப்படி, பிறந்த நாளை முழு நாளாக எண்ண வேண்டும். 18ஆவது ஆண்டு நிறைவு நாள் தொடங்கும்போதே 18 நிறைந்துவிடும். மாலை ஆறு மணிக்குப் பிறந்தவர் அன்று மாலை வரை காத்திருக்க வேண்டாம். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் தமிழ்நாடு அரசு ஊழியர்கள் 60 வயது நிறையும் மாதத்தின் கடைசி நாளில் ஓய்வு பெறுகிறார்கள். மாதத்தின் முதல் தேதியில் பிறந்தவர்களோ அதற்கு முந்தைய மாதத்தின் கடைசி நாளிலேயே போக வேண்டும். 1-6-1966 என்று பதிவானவருக்கு 31-5-2026. 2-6-1966 என்று பதிவானவருக்கு 30-6-2026. ஒரு நாள் வித்தியாசத்தில் ஒரு மாதச் சம்பளம். மலையில் இந்த ஜூன் 1 பிறந்தநாள்காரர்கள் ஏன் இத்தனை பேர் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

ஆண்டு, மாதம், நாள் என முழுக் கணக்கு

சில படிவங்கள் ஆண்டு, மாதம், நாள் மூன்றையும் கேட்கும். பள்ளியில் படித்த கழித்தலும் கடன் வாங்கலும்தான். பிறந்த தேதி 23-11-1968, கணக்குத் தேதி 5-3-2026 என்று வைத்துக்கொள்வோம். கணக்குத் தேதியை மேலே எழுதி, பிறந்த தேதியைக் கீழே எழுதி, நாளிலிருந்து தொடங்க வேண்டும்.

5இலிருந்து 23 போகாது. மாதத்திடம் ஒன்று கடன் வாங்குகிறோம். மார்ச்சுக்கு முந்தைய மாதம் பிப்ரவரி. 2026இல் அதற்கு 28 நாள். 5 + 28 = 33. அதில் 23 போனால் 10 நாள். ஒன்று கொடுத்ததால் மாதம் 3 இப்போது 2. இரண்டிலிருந்து 11 போகாது; ஆண்டிடம் கடன், 2 + 12 = 14. அதில் 11 போனால் 3 மாதம். ஆண்டு 2026 இப்போது 2025. 2025 - 1968 = 57. விடை 57 ஆண்டு 3 மாதம் 10 நாள். சரிபார்க்க வேண்டுமானால் முன்னோக்கி எண்ணிப் பாருங்கள். 2025 நவம்பர் 23இல் 57 நிறைந்தது. 2026 பிப்ரவரி 23இல் மூன்று மாதம். அங்கிருந்து மார்ச் 5 வரை பத்து நாள்.

இங்கே எல்லோரும் செய்யும் தவறு, எந்த மாதமானாலும் கண்ணை மூடிக்கொண்டு 30 கடன் வாங்குவது. இந்தக் கணக்கில் அப்படிச் செய்தால் 12 நாள் வரும். கடன் வாங்கும் மாதம் கணக்குத் தேதிக்கு முந்தைய மாதம்தான். பிறந்த மாதத்தின் நாள்களை எடுத்தாலும் பிசகும்.

மாதக் கடைசியில் பிறந்தவர்களுக்கு இந்த முறையே சில நேரம் முரண்டு பிடிக்கும். 31-1-1990இல் பிறந்தவருக்கு 1-3-2026 அன்று வயது பாருங்கள். 1 + 28 = 29; அதில் 31 போகாது. பிப்ரவரியில் 31ஆம் தேதியே இல்லாததால் வரும் கோளாறு இது. வழக்கமான தீர்வு, பிப்ரவரியின் கடைசி நாளோடு மாதம் நிறைந்தது என்று கொள்வது. அப்போது 36 ஆண்டு 1 மாதம் 1 நாள். வேறு முறையில் எழுதிய செயலி வேறு நாள் கணக்குக் காட்டும். இரண்டு செயலிகள் ஒன்றிரண்டு நாள் முரண்பட்டால் பதற வேண்டாம், ஆண்டு மாறாது. பிப்ரவரி 29இல் பிறந்தவர்களுக்கும் இதே போன்ற இழுபறிதான். சாதாரண ஆண்டுகளில் சிலர் 28ஐயும் சிலர் மார்ச் 1ஐயும் எடுப்பார்கள். முக்கியமான விண்ணப்பம் என்றால் அந்த அலுவலகத்தையே கேட்டுவிடுவது நல்லது.

மொத்த நாள்களை எண்ணி 365ஆல் வகுப்பது இன்னொரு பழக்கம். 60 ஆண்டில் லீப் நாள்கள் மட்டும் 15 சேரும். ஆகவே அந்த வகுத்தல், 60 நிறைய இன்னும் பதினைந்து நாள் இருக்கும்போதே நிறைந்துவிட்டதாகச் சொல்லும். 365.25ஆல் வகுத்தாலும் பிறந்தநாளை ஒட்டிய ஓரிரு நாள்களில் ஏமாற்றும். வயதுக்கு வகுத்தல் வேண்டாம், கழித்தல் போதும்.

“எழுவது நடக்குது”

நம் பேச்சில் வயதைச் சொல்ல இரண்டு முறை உண்டு. “எழுவது முடிஞ்சுது” என்றால் நிறைந்த வயது 70. “எழுவது நடக்குது” என்றால் நிறைந்தது 69தான். அரசு ஆவணங்கள் எல்லாம் நிறைந்த வயதையே கேட்கின்றன. வெறுமனே “எழுவது” என்று ஒருவர் 2026இல் சொன்னால், நிறைந்த 70 ஆனால் அவர் பிறந்தது 1955 அல்லது 1956. நடப்பு 70 ஆனால் 1956 அல்லது 1957. ஒரே சொல்லில் மூன்று ஆண்டுகள் அடங்கிக் கிடக்கின்றன. “முடிஞ்சுதா, நடக்குதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் ஓராண்டு குறையும். “இந்த வருஷம் பொறந்தநாள் வந்துருச்சா?” என்றால் மிச்சமும் தெளிந்துவிடும்.

வயதிலிருந்து ஆண்டுக்குப் போகும்போது பழைய வாக்காளர் அடையாள அட்டைதான் பலரை ஏமாற்றுகிறது. 1990களில் கொடுத்த அட்டைகள் பலவற்றில் பிறந்த தேதி இருக்காது. “1-1-1995 அன்று வயது 34” என்பதுபோல் ஒரு வரி இருக்கும். உடனே 1995 - 34 = 1961 என்று எழுதிவிடுகிறார்கள். தவறு. ஜனவரி 1 அன்று 34 நிறைந்திருக்க வேண்டுமானால், அவர் 1960 ஜனவரி 2க்கும் 1961 ஜனவரி 1க்கும் இடையில் பிறந்திருக்க வேண்டும். ஒரே ஒரு நாளைத் தவிர மற்றதெல்லாம் 1960. கணக்குத் தேதி ஜனவரி 1 ஆக இருக்கும் எந்த ஆவணத்திலும், கழித்து வரும் ஆண்டிலிருந்து இன்னொன்றைக் குறைத்தால்தான் பிறந்த ஆண்டு. கணக்குத் தேதி டிசம்பர் 31 என்றால் குறைக்க வேண்டாம். நடுவில் என்றால் இரண்டு ஆண்டும் சம வாய்ப்பு.

பிறந்த தேதி தெரியாத பெரியவர்கள்

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம் 1969இல் வந்தது. அதற்கு முன்பும் பதிவு இருந்தது. ஆனால் மலையில் வீட்டிலேயே பிரசவம், பதிவு செய்யும் இடத்துக்கு ஒரு பகல் நடை என்றிருந்த காலத்தில் எத்தனை பேர் போய்ப் பதிந்திருப்பார்கள்? ஆகவே ஹட்டி எனப்படும் படகர் ஊர்களிலும் எஸ்டேட் லைன் வீடுகளிலும் இன்று எழுபதைத் தாண்டியவர்களில் பலருக்கு முதல் பிறந்த தேதியைக் கொடுத்தது பள்ளிக்கூடம்தான். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது. ஜூனில் பள்ளி திறப்பதால் ஹெட்மாஸ்டர் ஐந்து ஆண்டைக் கழித்து மே, ஜூனில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார். ஜூன் 1 இப்படித்தான் பெருகியது. சத்துக் குறைவால் கை எட்டாத பிள்ளை ஓராண்டு கழித்துச் சேர்ந்திருக்கும். அதன் பதிவு வயது உண்மையைவிடக் குறைவு. அண்ணனோடு சேர்த்து அனுப்ப வேண்டும் என்று முன்கூட்டிச் சேர்த்த பிள்ளைக்குப் பதிவு வயது கூடுதல். பள்ளித் தேதி என்பதால் அது உண்மைத் தேதி ஆகிவிடாது. ஆனால் சட்டத்தின் பார்வையில் அதுதான் பெரிய சான்று. ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில் 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் ஆதாரைவிடப் பள்ளி மாற்றுச் சான்றிதழின் தேதியையே ஏற்றது. தொழிலாளர் வருங்கால வைப்பு நிதி நிறுவனமும் 2024 தொடக்கத்திலேயே பிறந்த தேதிக்கான சான்றுப் பட்டியலிலிருந்து ஆதாரை எடுத்துவிட்டது. எஸ்டேட் தொழிலாளிக்கு இது நேரடி விஷயம், ஏனென்றால் ஓய்வூதியம் 58 வயதில் தொடங்குகிறது.

பள்ளிக்கே போகாதவர்கள் நிலை வேறு. யாரோ ஒரு கணக்கெடுப்பாளர் முகத்தைப் பார்த்து “அம்பது போடட்டுமா?” என்று கேட்டு எழுதிய வயது அவர்களுடையது. அதனால்தான் மக்கள்தொகைக் கணக்கில் 40, 45, 50, 55 போன்ற வயதுகளில் ஆட்கள் குவிந்து நிற்பார்கள். இந்தக் குவியலை அளக்க விப்பிள் குறியீடு என்று ஒன்று உண்டு. 23 முதல் 62 வயது வரை உள்ளவர்களில் 0, 5 என முடியும் வயதுக்காரர்களை எண்ணி, ஐந்தால் பெருக்கி, அந்த வயது வரம்பின் மொத்தத்தால் வகுத்து, நூறால் பெருக்க வேண்டும். 100 வந்தால் குவியலே இல்லை. 500 வந்தால் எல்லோரும் முழு எண் சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. வாக்காளர் அட்டை, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றிலும் ஒரே வயது இருக்கிறது, ஆகவே உறுதி என்று நினைப்பார்கள். முதல் அட்டையில் குத்துமதிப்பாக எழுதியதைப் பார்த்து இரண்டாவது, இரண்டாவதைப் பார்த்து மூன்றாவது எழுதியிருந்தால் சாட்சி ஒன்றுதான். ஆதாரில் ஆண்டு மட்டும் இருந்தாலோ, ஜனவரி 1 என்று இருந்தாலோ அது உத்தேச வயது என்று சந்தேகிக்கலாம்.

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் தாயகம் திரும்பிய குடும்பங்களிடம் மட்டும் காகிதம் ஓரளவு நன்றாக இருக்கும். 1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காகவே 1968இல் இங்கே அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அந்தக் குடும்பங்களின் பெட்டியில் இலங்கைப் பிறப்புச் சான்றிதழ், இந்தியப் பாஸ்போர்ட், குடும்ப அட்டை என ஏதாவது ஒன்று கிடக்கும். குடும்ப அட்டையில் உள்ள வயது அதை வழங்கிய நாளின் வயது. முதலில் வழங்கிய தேதியைத் தேடுங்கள், அப்புறம் கழியுங்கள்.

காகிதமே இல்லாதவர்களுக்கு நிகழ்ச்சிகளைக் கொண்டு கணக்கிடுவதுதான் வழி. கணக்கெடுப்பாளர்களும் இதற்கென்று நிகழ்ச்சிப் பட்டியல் வைத்திருப்பார்கள். புதுக்காசு வந்தது 1957 ஏப்ரல் 1. நேரு மறைந்தது 1964 மே 27. அண்ணா மறைந்தது 1969 பிப்ரவரி 3. சத்துணவு தொடங்கியது 1982 ஜூலை 1. எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர் 24. மலைக்கென்று தனிப் பட்டியலும் வேண்டும். 1950களின் பிற்பகுதியில் கனடா நாட்டு உதவியோடு குந்தா மின்திட்ட வேலை நடந்த காலம், 1960இல் ஊட்டியில் பிலிம் கம்பெனி (புகைப்படச் சுருள் செய்யும் தொழிற்சாலை) நிறுவப்பட்டது, 1993 நவம்பரில் மரப்பாலம் நிலச்சரிவு, 2009 நவம்பரில் மாவட்டம் முழுக்க மண் சரிந்தது. மாதத்தைப் பிடிக்கப் பருவம் உதவும். உறைபனி என்றால் டிசம்பரை ஒட்டி முன்பின். படகர்களின் ஹெத்தையம்மன் ஹப்பம் (திருவிழா) என்றால் டிசம்பர் கடைசி, ஜனவரி. மலர்க் கண்காட்சி என்றால் மே.

“அப்ப உங்களுக்கு என்ன வயசு?” என்று கேட்பதில் பயனில்லை. அது தெரியாமல்தானே இந்தக் கணக்கே. “அப்ப நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்க, இடுப்புல யாரு இருந்தா?” என்று கேட்க வேண்டும். ஒரு மாதிரிக் கணக்கு. அண்ணா இறந்தபோது மூத்த பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தது என்கிறார் ஒரு பாட்டி. தவழும் குழந்தைக்கு 7 முதல் 10 மாதம். ஆக அந்தப் பிள்ளை பிறந்தது 1968 ஏப்ரல்–ஜூலை. கல்யாணமாகி மூன்று வருஷம் கழித்துப் பிள்ளை என்றால் கல்யாணம் 1965. வயதுக்கு வந்து நாலு வருஷத்தில் கல்யாணம் என்றால் அப்போது 17 முதல் 19. பிறந்த ஆண்டு 1946–48. இதோடு நிறுத்தக் கூடாது. இன்னொரு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். அவருடைய அண்ணனுக்குப் பள்ளிச் சான்றிதழ் இருக்கிறது, 1944. இருவருக்கும் நடுவில் ஓர் அக்கா. பிள்ளைக்குப் பிள்ளை இரண்டு, மூன்று ஆண்டு இடைவெளி என்றால் பாட்டி 1948–50. இரண்டு வழியும் சந்திக்கும் இடம் 1948. “பனி விழுற சமயம்” என்று அவர் அம்மா சொன்னதாக நினைவிருந்தால் அந்த ஆண்டின் தொடக்கம் என்று வைத்துக்கொண்டு, 2026 ஜூலையில் ஏறக்குறைய 78 என்று எழுதலாம். ஓராண்டு முன்பின் என்ற குறிப்போடு. நாமே “நீங்க நாப்பத்தெட்டுதானே பாட்டி?” என்று எடுத்துக் கொடுத்தால் “ஆமா சாமி” என்றுதான் பதில் வரும். கணக்கு அங்கேயே கெட்டது.

குறிஞ்சியை வைத்து வயது சொல்வதும் மலைக்கே உரிய வழி. பழங்குடியினரான பளியரும் முதுவரும் குறிஞ்சி பூத்ததைக் கணக்கிட்டு வயது சொல்வார்கள் என்பது நெடுநாள் செய்தி. பழனிமலைப் பக்கம் நீலக்குறிஞ்சி 12 ஆண்டுக்கு ஒருமுறை, 1982, 1994, 2006, 2018 எனப் பூத்தது. விவரம் தெரிந்து இந்த நான்கு பூப்பையும் பார்த்தவர் என்றால் ஏறக்குறைய ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர் என்று மட்டும் சொல்லலாம். அதற்கு மேல் நுணுக்கம் வராது. குறிஞ்சியில் பல வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் சுழற்சி வேறு. நீலகிரியில் சரிவுக்குச் சரிவு பூக்கும் ஆண்டும் மாறும். எந்தச் சரிவு என்று கேட்காமல் கணக்குப் போட்டால் ஏமாந்துபோவோம்.

தமிழ் ஆண்டும் ஜாதகமும்

ஜாதகம் உள்ள வீடுகளில் ஆண்டின் பெயர் கிடைக்கும். 60 பெயர்கள் சுழல்கின்றன. 1987 ஏப்ரலில் தொடங்கிய பிரபவ முதலாவது. வேண்டிய ஆண்டிலிருந்து 1987ஐக் கழித்து ஒன்றைக் கூட்டினால் வரிசை எண். 2026 - 1987 + 1 = 40, பராபவ. 1987க்கு முந்தைய ஆண்டுகளுக்கு 1927ஐக் கழிக்க வேண்டும்.

தமிழ் ஆண்டு ஏப்ரல் 14ஐ ஒட்டித் தொடங்குவதால் இங்கே ஓராண்டுப் பிழை சுலபமாக நுழையும். “விளம்பி வருஷம் தை மாசம்” என்று ஜாதகத்தில் இருக்கிறது. விளம்பி 32ஆவது; 1927 + 31 = 1958. ஆனால் தை மாதம் வருவதோ 1959 ஜனவரியில். தை, மாசி, பங்குனியில் பிறந்த எல்லோருக்கும் ஒன்றைக் கூட்ட வேண்டும். மார்கழி என்றால் டிசம்பர் பாதியா ஜனவரி பாதியா என்று தேதியைப் பார்க்க வேண்டும். கிழமையிலும் கவனம் வேண்டும். ஜாதகத்தில் சூரிய உதயம் வரை முந்தைய நாள். வெள்ளி இரவு 3 மணிக்குப் பிறந்தது என்று எழுதியிருந்தால் ஆங்கிலத் தேதிப்படி அது சனிக்கிழமை.

அறுபதாம் கல்யாணம் செய்வது 60 முடிந்து, பிறந்த ஆண்டின் பெயர் திரும்பவும் வரும்போது. 59 முடிந்து 60 தொடங்கும்போது செய்வது உக்ரரத சாந்தி. இரண்டையும் குழப்பி ஓராண்டு முன்னதாகவே மண்டபம் பேசிவிடுகிறவர்கள் உண்டு. சதாபிஷேகத்துக்குச் சொல்லும் ஆயிரம் பிறையும் கணக்குத்தான். முழுநிலவுக்கு முழுநிலவு 29.53 நாள், ஆயிரத்தால் பெருக்கினால் 29,530 நாள், ஆண்டுக் கணக்கில் 80 ஆண்டும் பத்து மாதமும்.

தலைமுறை என்பது எது?

இந்தச் சொல்லுக்குள் இரண்டு கணக்குகள் இருக்கின்றன. பாட்டன், தகப்பன், மகன், பேரன், கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் என்று இறங்குவது குடும்பத் தலைமுறை. அதில் பிறந்த ஆண்டுக்கு வேலையே இல்லை. பத்துப் பிள்ளை பெற்ற வீடுகளில் கடைசித் தாய்மாமனைவிட மூத்த அக்காள் மகன் பெரியவனாக இருப்பான். ஆனாலும் மாமன் மாமன்தான். மற்றொன்று, ஏறத்தாழ ஒரே காலத்தில் பிறந்தவர்களைச் சேர்த்து ஒரு பெயர் வைப்பது. இணையத்தில் எல்லோரும் பேசுவது இந்த இரண்டாவதைப் பற்றி.

அமெரிக்காவில் புழங்கும் பட்டியல் இது. 1928–45 அமைதித் தலைமுறை, 1946–64 பேபி பூமர், 1965–80 ஜென் எக்ஸ், 1981–96 மில்லினியல், 1997–2012 ஜென் இசட். அதன் பிறகு ஜென் ஆல்ஃபா. 2025 முதல் பிறப்பவர்களுக்கு ஜென் பீட்டா என்று பெயர் வைத்தாகிவிட்டது. எல்லைகள் ஆளுக்கு ஆள் மாறும். ஆல்ஃபா 2010இலேயே தொடங்குகிறது என்பவர்களும் உண்டு. 2011இல் பிறந்த பிள்ளை ஒரு பட்டியலில் இசட், இன்னொன்றில் ஆல்ஃபா. 1980 டிசம்பரில் பிறந்த அக்காள் எக்ஸ், 1982இல் பிறந்த தம்பி மில்லினியல் என்பதும் இப்படித்தான். ஒரே வீடு, ஒரே பள்ளி, ஒரே ரேடியோ. ஆனால் வேறு தலைமுறை.

பூமர் என்ற பெயர் வந்ததற்குக் காரணம், இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பிறப்பு திடீரென்று ஏறி 1964 வாக்கில் இறங்கியது. நம் ஊரில் அப்படி ஒரு மேடு எழவே இல்லை. போருக்கு முன்னும் பின்னும் பிறப்பு அதிகமாகவே இருந்து, பல பத்தாண்டுகளில் மெல்ல இறங்கியது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. ஆகவே 1955இல் நீலகிரியின் கட்டபெட்டில் பிறந்தவரைப் பூமர் என்பது வெறும் ஒட்டுப் பெயர். முப்பத்தெட்டு வயதுக்காரரைப் பார்த்துக் கல்லூரிப் பிள்ளைகள் “பூமர் அங்கிள்” என்பதோ, அவர்கள் பட்டியலின்படியே தவறு. அவர் மில்லினியல்.

ஜெர்மன் சமூகவியலாளர் கார்ல் மான்ஹைம் 1928இலேயே இதைப் பற்றி எழுதினார். ஒரே ஆண்டில் பிறந்தால் மட்டும் ஒரு தலைமுறை ஆகிவிடாது. இளமையில் ஒரே பெரிய மாற்றத்துக்குள் நின்று அதை எதிர்கொண்டிருக்க வேண்டும் என்பது அவர் வாதம். மலையில் இதைப் பொருத்திப் பார்த்தால் வேறு கோடுகள் தெரியும். இருபது வயதில் வேலை தேடும்போது என்ன நடந்துகொண்டிருந்தது என்று பாருங்கள். 1940களில் பிறந்தவர்களுக்கு மின்திட்ட வேலையும் பிலிம் கம்பெனியும் திறந்திருந்தன. 1960களின் இறுதியில் தொடங்கி வந்த தாயகம் திரும்பியோரின் பிள்ளைகளுக்கு வேறு ஊர், வேறு தோட்டம், முதலிலிருந்து ஒரு வாழ்க்கை. 1970களின் பிற்பகுதியில் பிறந்த சிறு தேயிலை விவசாயி வீட்டுப் பிள்ளைகள் வேலைக்கு நின்றபோது, 1990களின் கடைசியில் பச்சைத் தேயிலை விலை சரிந்தது. கோவைக்கும் திருப்பூருக்கும் இறங்கியவர்கள் ஏராளம். டிஜிட்டல் கேமரா வந்து பிலிமே வேண்டாத பொருளாகிவிட்டதால், ஒரு காலத்தில் ஊரின் பெருமையாக இருந்த தொழிற்சாலை அதற்குப் பின் வந்தவர்களுக்கு வெறும் கட்டடம். ஜென் எக்ஸ், மில்லினியல் என்ற கோடுகள் இந்த மாற்றங்கள் எதோடும் பொருந்தி விழவில்லை.

“இந்தக் காலத்துப் பசங்க” என்று தொடங்கும் பேச்சில் மூன்று விஷயங்கள் கலந்துவிடுகின்றன. வயதால் வருவது ஒன்று. இருபதில் எல்லோரும் ராத்திரி விழித்திருப்பார்கள், ஐம்பதில் மாட்டார்கள். காலத்தால் வருவது ஒன்று. 2020இல் கொரோனா எல்லா வயதினரையும் வீட்டில் உட்கார வைத்தது. பிறந்த காலத்தால் வருவது மூன்றாவது. 18 வயதில் முதல் ஓட்டுப் போட முடிந்தது, வாக்குரிமை வயது 21இலிருந்து இறங்கிய 1989க்குப் பின் பதினெட்டானவர்களுக்குத்தான். மூன்றாவது வகை மட்டுமே தலைமுறைக் குணம். முதல் இரண்டையும் அதன் கணக்கில் எழுதுவதால்தான் தலைமுறை பற்றிய பேச்சுகளில் பாதி உளறலாகிவிடுகிறது. அமெரிக்காவின் பியூ ஆய்வு மையமே இந்தப் பெயர்களை இனி அளவோடுதான் பயன்படுத்துவோம் என்று 2023இல் அறிவித்தது.

உங்கள் குடும்பத்தின் தலைமுறை இடைவெளியைப் பார்க்க ஒரு தாள் போதும். பாட்டி 1942, அம்மா 1962, மகள் 1986, பேத்தி 2014 என்று ஒரு வரிசை இருந்தால் இடைவெளி 20, 24, 28. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் சராசரி 24. தாய்வழியையும் தந்தைவழியையும் தனித்தனியாக எழுத வேண்டும். தந்தைவழி இடைவெளி பெரும்பாலும் கூடுதலாக இருக்கும், கல்யாணத்தில் ஆணுக்கு வயது அதிகம் என்பதால். ஒவ்வொரு ஆண்டுக்கும் பக்கத்தில் அது எங்கிருந்து வந்தது என்று குறித்துவைத்தால் பின்னால் வருபவர்களுக்குத் தொல்லை இல்லை: பிறப்புச் சான்று, பள்ளிச் சான்று, ஜாதகம், அல்லது “அண்ணா செத்தப்ப கைக்குழந்தைன்னு பெரியம்மா சொன்னது”.